‘கார்டைக் கழட்டினது நீதானே?’

கேள்வி:

எங்களுக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். பிழைப்புக்காக ஓசூர் வந்து மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்கு இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 30 வயது. வண்டிகளுக்கு உதிரி பாகம் அடித்துக் கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் கான்ட்ராக்டில் பிரஸ் ஆபரேட்டர். 2025 செப்டம்பரில், ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, நைட் ஷிப்டில் பிரஸ் இறங்கி வலது கையில் கட்டை விரல் தவிர நான்கு விரலும் போய்விட்டது.

சூப்பர்வைசர்தான் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே பைக் செயினில் கை மாட்டிக்கொண்டது என்று சொல்லி எழுத வைத்திருக்கிறார். இவருக்கு அப்போது நினைவே சரியாக இல்லை. ஒன்றரை வருஷமாக வேலை பார்க்கிறவருக்கு இ.எஸ்.ஐ. நம்பர் போட்டதே விபத்து நடந்த பிறகுதான். சம்பளம் ஓ.டி. இல்லாமல் மாதம் 16,500 ரூபாய், பாங்கில் வரும்.

இப்போது ஒன்றரை லட்சம் தருகிறோம், புண் ஆறியதும் கேட்டில் உட்காருகிற வேலை தருகிறோம், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். “கை போகாமல் இருக்கப் போட்ட கார்டைக் கழட்டினது நீதானே? கேஸுக்குப் போனால் ஒரு பைசா வராது” என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். இவரும் அதையே பிடித்துக்கொண்டு, “என் தப்புதான், யாரைப் போய்க் கேட்கிறது” என்கிறார். என் மாமியாரோ, நான் ஓ.டி. பார்க்கச் சொல்லி விரட்டினதால்தான் இப்படி ஆச்சு என்கிறார். குழுக்கடன் கட்ட வேண்டுமே என்று நான் சொன்னது உண்மைதான் ஐயா.

வீட்டில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நான் ஊட்டப் போனால் தட்டைத் தள்ளிவிடுகிறார். இல்லாத விரல் எரிகிறது என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். குடிக்காத மனுஷன் இப்போது குடிக்கிறார். மகள் பள்ளிக்கூடத்தில் “அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்” என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறான். கர்நாடகாவில் அடிபட்டால் தமிழ்நாட்டில் எதுவும் கேட்க முடியாது என்கிறான். உண்மையா?

பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த ஸ்டாம்ப் பேப்பரில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரும் வேண்டாம், சாட்சிக்கு என்று கேட்டால் நீங்களும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். அதற்கு முன் பேச வேண்டியது ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

கான்ட்ராக்டர் உங்கள் வீட்டுக்காரர் மேல் பழி போடுகிறார். அவர் தன் மேலேயே போட்டுக்கொள்கிறார். மாமியார் உங்கள் மேல் போடுகிறார். நீங்களும் கடன் தவணை பற்றிப் பேசியதை நினைத்து மருகிக்கொண்டிருக்கிறீர்கள். இத்தனை பேர் மேல் பழி சுற்றி வந்த பிறகும் அந்த பிரஸ்ஸைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனைக்கும் அடுத்த சில நாளில் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டிருப்பார்கள்.

சின்னக் கம்பெனிகளில் ஓடுகிற பழைய பவர் பிரஸ்களில் நிறைய பின் கிளட்ச் வகைதான். பெடலை ஒரு முறை மிதித்தால், அடிக்கிற பாகமான ராம் ஒரு முறை இறங்கி, மேலே போய் நிற்க வேண்டும். கிளட்ச் பின் தேய்ந்திருந்தாலோ, ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, பிரேக் தளர்ந்திருந்தாலோ நிற்காது. மிதிக்காமலே இன்னொரு முறை இறங்கும். டபுள் அடிக்கிறது என்று ஆபரேட்டர்கள் சொல்வது இதைத்தான். அடித்த பீஸை எடுக்க அந்த நொடியில் கை அச்சுக்குள், அதாவது டைக்குள் இருக்கும். இந்த வகை பிரஸ்ஸில் ராம் கிளம்பிவிட்டால் நடுவழியில் நிறுத்த வழியே கிடையாது. சென்சார் மாட்டினாலும் உதவாது. கை உள்ளே நுழையவே முடியாதபடி கூண்டு மாதிரி கார்டு போட வேண்டும், அல்லது பீஸை இடுக்கியால் வைத்து எடுக்க வேண்டும். இரண்டிலும் நேரம் பிடிக்கும். ஷிப்டுக்கு இத்தனை ஆயிரம் அடி என்று டார்கெட் எழுதி மாட்டிய இடத்தில், கார்டை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை முடிக்க முடியாது என்பது ஆபரேட்டருக்குத் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். கழற்றிய கை அவருடையதாகவே இருக்கட்டும். கழற்றினால்தான் வேலை நடக்கும் என்று ஏற்பாடு செய்து வைத்தது யார்?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதில் தெளிவாக இருந்தது. ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு போடுவதும், இயந்திரம் ஓடுகிற நேரமெல்லாம் அது அதன் இடத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் தொழிற்சாலை நடத்துகிறவரின் கடமை. வாங்கி மூலையில் வைத்திருந்தேன் என்றால் போதாது.

இனி கான்ட்ராக்டர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது சட்டத்தில் இல்லாத கதை. வேலையில் அடிபட்டவர், முதலாளியின் தவறை நிரூபித்தால்தான் காசு என்று இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில், பக்கத்தில் வேலை செய்த தொழிலாளியின் கவனக்குறைவு என்று காட்டிவிட்டால்கூட முதலாளி தப்பிக்கலாம். ஜெர்மனி 1884-இல் அதைக் கைவிட்டது, இங்கிலாந்து 1897-இல். நம் ஊருக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தோடு வந்தது. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டதா? ஆம் என்றால் பணம் தர வேண்டும். தப்பு யார் மேல் என்பது அங்கே முதல் கேள்வியே அல்ல. வேண்டுமென்றே காப்பைக் கழற்றினார் என்று முதலாளி வாதாட அந்தச் சட்டத்தில் ஒரு சின்னச் சந்து இருந்தது என்னவோ உண்மை. சாவு என்றாலோ, முழு நிரந்தர ஊனம் என்றாலோ அந்தச் சந்தும் அடைபட்டுவிடும்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் அந்தச் சந்துகூடக் கிடையாது. அவர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள், அதாவது இ.எஸ்.ஐ.க்குள் வருகிறவர். இ.எஸ்.ஐ. சட்டத்தின் 51பி பிரிவை நீங்களே ஒரு முறை யாரிடமாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொழிலாளி சட்டத்தை மீறியிருந்தாலும், மேலாளர் உத்தரவை மீறியிருந்தாலும், உத்தரவே இல்லாமல் செய்திருந்தாலும், அந்த வேலையை முதலாளியின் தொழிலுக்காகத்தான் செய்தார் என்றால் அது வேலை விபத்துதான் என்கிறது அது. அவர் டைக்குள் கையை விட்டது சொந்தக் காரியத்துக்கா? உங்கள் விபத்து நடந்தது செப்டம்பரில். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து இ.எஸ்.ஐ., இழப்பீட்டுச் சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. உங்களுக்கு விபத்து நடந்த தேதியில் இருந்த சட்டம்தான் கணக்கு. அடிப்படை பழையதிலும் புதியதிலும் ஒன்றே.

பணக் கணக்கைச் சொல்கிறேன், ஒன்றரை லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கெல்லாம் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் இ.எஸ்.ஐ. தர வேண்டும். 16,500 சம்பளம் என்றால் நாளுக்கு 550, அதில் 90 சதவீதம் ஏறக்குறைய 495 ரூபாய். இதற்கு இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலை விபத்துக்கு, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஆனால் இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று இடைவெளி விடாமல் வர வேண்டும். பலர் பணம் இழப்பது இங்கேதான். தனியார் ஆஸ்பத்திரி டாக்டரிடமே கட்டு மாற்றிக்கொண்டு, இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகாமல் மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஓசூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. இதுவரை போகவில்லை என்றால் தனியார் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள். அங்கே கட்டிய பில்லையும் விட்டுவிடாதீர்கள். அவசரச் சிகிச்சைச் செலவைத் திரும்பக் கேட்க வழி உண்டு.

புண் ஆறியதும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுங்கள். சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையின் நான்கு விரல்களுக்கு வருமான இழப்பு 50 சதவீதம். அதாவது அந்த 495-இல் பாதி, மாதத்துக்கு ஏறக்குறைய 7,400 ரூபாய், உயிரோடு இருக்கும்வரை. வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் அது நிற்காது. கட்டை விரலும் சரியாக மடங்கவில்லை என்றால் போர்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அது தனிக் கணக்கு. கம்பெனி தருகிற ஒன்றரை லட்சம், இந்த மாதப் பணத்தில் இரண்டு வருஷத்துக்குக்கூடக் காணாது. அவருக்கு வயது 30.

ஓ.டி. பணமும் இந்தக் கணக்கில் சேர வேண்டிய சம்பளம்தான். கம்பெனி எந்தத் தொகையைக் காட்டி இ.எஸ்.ஐ. கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பாங்கு பாஸ்புக்கில் 19,000 வந்திருக்கும், இ.எஸ்.ஐ. கணக்கில் 11,000 என்று இருக்கும். அப்படி இருந்தால் பாஸ்புக் நகலோடு எழுதிக் கொடுங்கள்.

(இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் வேலை செய்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பர்கூர், ஜெகதேவிப் பக்கக் கிரானைட் குவாரிகளைப் போலச் சுரங்கச் சட்டத்தில் வருகிற இடங்களுக்கு, புதிய தொகுப்பு வரும்வரை இழப்பீட்டுச் சட்டம்தான் பொருந்தியது. 2020 ஜனவரியில் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ஆனது. அந்தச் சம்பளத்தில் 30 வயதில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். இறப்பு இழப்பீட்டை முதலாளி நேராக வீட்டில் கொண்டுவந்து கொடுத்தால் அது செல்லாது, ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. ஊனத்தை மதிப்பிடுவதில் 1975-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நினைவில் இருக்கட்டும். முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த ஒரு தச்சருக்கு இன்னொரு கை இருக்கிறதே என்று பார்க்காமல், இனி அவரால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே நூறு சதவீத இழப்பு என்று தீர்ப்பளித்தது.)

இனி அந்தப் பைக் செயின். உங்கள் வழக்கில் உண்மையான சிக்கல் கார்டில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் முதலில் என்ன எழுதப்பட்டதோ அதை வைத்துத்தான் பிறகு எல்லாரும் பேசுவார்கள். அந்தப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகலை முதலில் வாங்குங்கள். அதில் “உடன் வந்தவர் சொன்னபடி” என்று இருந்தால் யார் உடன் வந்தவர் என்பதும் இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் தொழிற்சாலைக்குள் நைட் ஷிப்டில் இருந்தார், சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார் என்றால் அந்தப் பைக் எங்கிருந்து வந்தது?

பிறகு நடந்தது நடந்தபடி அவர் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி, நேரம், எந்த பிரஸ், என்ன பீஸ், யார் பக்கத்தில் இருந்தார்கள், டபுள் அடித்ததா, அதை முன்பே யாரிடமாவது சொல்லியிருந்தாரா. இடது கையால் கையெழுத்து, அல்லது கட்டை விரல் ரேகை போதும். ஒரு பிரதி கம்பெனிக்கு, ஒன்று இ.எஸ்.ஐ. கிளை மேலாளருக்கு, ஒன்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஓசூர் அலுவலகத்துக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு. தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்குப் போக முடியாத காயம் எதையும் தொழிற்சாலை அந்த இயக்ககத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் அதுவே தனிக் குற்றம்.

இ.எஸ்.ஐ. நம்பரை விபத்துக்குப் பிறகு போட்டார்கள் என்பதால் பயப்பட வேண்டாம். இது ஓசூருக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல. குருகிராம், மானேசர் பக்கம் வாகன உதிரி பாகத் தொழிலில் விரல் இழந்தவர்களோடு வேலை செய்கிற ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளைப் பாருங்கள். கையைப் பறிப்பதில் பவர் பிரஸ்தான் முன்னால் நிற்கிறது. அடிபட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இ.எஸ்.ஐ. அட்டை விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வந்திருக்கிறது. முதலாளி பணம் கட்டாமல் விட்டால் இ.எஸ்.ஐ. தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். கான்ட்ராக்ட் ஆள் என்பதும் சாக்கு ஆகாது, பிரதான கம்பெனிதான் பொறுப்பு. நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றுதான், ஒன்றரை வருஷமாக அவர் அங்கே வேலை செய்தார் என்று. பாங்கில் மாதாமாதம் வந்த சம்பளம், கேட் பாஸ், ஷிப்ட் போடுகிற வாட்ஸ்அப் குழு, யூனிஃபார்மோடு எடுத்த போட்டோ, எல்லாம் ஆதாரம். அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்குவதற்கு முன் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தால் கேட்டுக்குக் கேட் ஒரு போர்டு பார்க்கலாம், ‘விபத்தின்றி இத்தனை நாட்கள்’ என்று. பெரிய கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிற சின்னக் கம்பெனிக்கு அந்த எண் உயிர். ஆடிட் வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், ஆர்டர் அதில் தொங்கும். விபத்தைக் குறைக்க வைத்த அந்த எண், விபத்தை மறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரரின் விரல்கள் பைக் செயினில் போனதற்குக் காரணம் இதுவாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். சூப்பர்வைசர் கெட்டவர் என்றுகூடச் சொல்ல மாட்டேன். ராத்திரியில் ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு ஓடியதும் அவர்தானே.

கையெழுத்து வேண்டாம் என்றேனே, அதற்கும் காரணம் இந்த மறைப்புதான். தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தருகிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இ.எஸ்.ஐ. பலன்களை எழுதிக் கொடுக்கவோ அடகு வைக்கவோ முடியாது, நீதிமன்றம் ஜப்தி செய்யவும் முடியாது. செல்லாத காகிதத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அதற்குள் ஒரு வரி இருக்கும். விபத்து வேறு இடத்தில் நடந்தது என்றோ, அதற்கு முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டேன் என்றோ. உரிமையைப் பறிக்க அந்தக் காகிதத்தால் முடியாது, ஆனால் உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்க முடியும். மனமுவந்து தருகிறோம் என்றால் பாங்கில் போடட்டும், வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் ரசீது கொடுங்கள்.

கேட் வேலை விஷயத்தில் உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சிகிச்சையில் இருந்து அந்த 90 சதவீதம் வாங்குகிற காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. அதற்குப் பிறகு தனியார் கம்பெனியில், அதிலும் கான்ட்ராக்ட் ஆளுக்கு, சட்டத்தின் கை பலவீனம். வேலை தந்தால் போகலாம், சம்பளம் குறையாமல் எழுத்தில் கேளுங்கள். ஆனால் அந்த வேலைக்காக இ.எஸ்.ஐ.யை விட்டுக்கொடுக்கிற பேரம் வேண்டாம். வாய் வார்த்தையாகத் தந்த கேட் வேலைகள் ஆறு மாதம் தாண்டி நான் அதிகம் பார்த்ததில்லை.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வருகிற பணத்தில் இவ்வளவு சதவீதம் என்று பேசிக்கொண்டு வருகிற ஏஜென்ட் யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஏன் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று யோசித்தீர்களா? வலது கையில் விரல் இல்லாதவர் இடது கையால்தான் சாப்பிட வேண்டும். பீச்சாங்கையால் சோற்றைத் தொடாதே என்று அடித்து வளர்த்த அம்மாவின் எதிரில், மகளின் எதிரில், எப்படி உட்காருவார்? ஊட்டிவிடுவது அதைவிடக் கொடுமை. ஒரு கனமான ஸ்பூனின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள். தட்டை விட ஓரம் உயர்ந்த கிண்ணம் வசதி. கொஞ்ச நாளைக்கு வீட்டில் எல்லாருமே ஸ்பூனில் சாப்பிடுங்கள், மாமியாரும்தான். யாரும் எதுவும் விளக்க வேண்டாம்.

இல்லாத விரல் எரிவது மனப்பிரமை அல்ல. விரலுக்குப் போன நரம்பு இன்னும் மூளையோடு பேசிக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து உண்டு, இடது கையைக் கண்ணாடியில் காட்டி வலது கை அசைவதாக மூளைக்குக் காட்டுகிற பயிற்சியும் உண்டு. பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். புண் முழுதும் ஆறிய பிறகு, மிச்சமிருக்கிற நுனிகளை முதலில் பஞ்சால், பிறகு பருத்தித் துணியால், பிறகு சொரசொரப்பான துணியால் தினமும் மெல்லத் தேய்த்தால் தொட்டாலே சுள்ளென்று இழுப்பது குறையும். இதை அவரே செய்யட்டும். பாங்கில் இடது கைக் கையெழுத்தைப் பதிவு செய்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. பணம் வருகிற கணக்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கவுண்டரில் நிற்க வைத்தால், அன்றைக்கு ராத்திரி அவர் எங்கே போவார் என்பது உங்களுக்குத் தெரியும்.

குடியையும் தூக்கமின்மையையும் தனியாகப் பார்க்காதீர்கள். கண்ணை மூடினால் அந்த ராம் இறங்குகிறது, சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது என்று அவர் சொன்னால், அதற்குப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வர மறுத்தால் 14416-ஐ அழையுங்கள், டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள். அவருக்காக நீங்கள் பேசினாலும் வழி சொல்வார்கள். உங்களுக்காகவும் பேசுங்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போகிறேன் என்று. அந்த வேலைக்குப் போய், சமைத்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ராத்திரி அவரோடு விழித்துக்கொண்டு இருக்கிறீர்கள். ஒரு நாள் அலைச்சலுக்கு அண்ணனோ தம்பியோ வரட்டும்.

மகளுக்கு உண்மை தெரியும், தெரிந்துதான் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்கிறாள். கண்டிக்க வேண்டாம். அவள் டீச்சரிடம் நீங்கள் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இவரிடம் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள், நடந்தாவது.

மாமியாரிடம் கடன் தவணை பற்றி வாதாட வேண்டாம். ஓ.டி. பார்க்காமல் ஓசூரில் வாடகை கொடுக்கிற பிரஸ் தொழிலாளி யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். 51பி பிரிவைப் பற்றி மேலே எழுதியதை உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டும்போது மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு: அவர் நினைப்பது தவறு. இ.எஸ்.ஐ. நாடு முழுவதற்கும் ஒன்று. பொம்மசந்திராவில் வேலை செய்து ஓசூரில் வைத்தியம் பார்க்கலாம். இ.எஸ்.ஐ. இல்லாத இடம் என்றால், இழப்பீட்டுச் சட்டத்தில் 1995-இல் வந்த திருத்தப்படி, விபத்து நடந்த இடத்தில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. தொழிலாளியோ குடும்பமோ வசிக்கிற ஊருக்குரிய ஆணையரிடமே போடலாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில், திரும்புகிற வழியில் நடக்கிற விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலை விபத்தாகவே கருதப்படும். இ.எஸ்.ஐ.யில் இது 2010 திருத்தத்திலிருந்து உண்டு. இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. புதிய சட்டத் தொகுப்பிலும் எழுதியிருக்கிறது. ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தினமும் பைக்கில் தாண்டுகிற அத்தனை பேரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தெரியாததால் என்ன ஆகிறது என்பதற்கு அத்திப்பள்ளியே இருக்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று அங்கே பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்ததில் முதல் இரண்டு நாளிலேயே 14 பேர் இறந்தார்கள், அதன் பிறகும் எண்ணிக்கை கூடியது. தீபாவளி சீசன் கூலிக்கு எல்லை தாண்டிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் அதில் நிறைய. அரூர் பக்கம் அம்மாப்பேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து பலர், படிக்கிற பிள்ளைகள்கூட. அதற்குச் சில மாதம் முன்புதான், ஜூலை 29-இல், கிருஷ்ணகிரி பழையபேட்டை பட்டாசுக் கிடங்கு வெடிப்பில் 9 பேர் போயிருந்தார்கள். இரண்டுக்கும் அரசு நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் அரசின் கருணை, இழப்பீடு முதலாளியின் கடன். ஒன்று வந்ததால் மற்றது தீர்ந்துவிடாது. நிவாரணக் காசோலை வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து, மனு போடுவதற்கான இரண்டு வருஷக் கெடுவைத் தவறவிடுகிற குடும்பங்களை இந்த மாவட்டத்தில் நான் நிறையப் பார்க்கிறேன்.

அந்தத் தம்பியிடம் அவருடைய இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால் இந்த வாரமே எச்.ஆரிடம் கேட்டு வாங்கட்டும். எண் இருந்தால் எந்த மாதத்துக்கு, எவ்வளவு சம்பளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று போனிலேயே பார்க்கலாம். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்துவிட்டு அங்கே கட்டாமல் இருந்தால், அடிபடுவதற்கு முன்பே எழுதிக் கேட்கலாம்.